இடித்துரைக்கும் நிரல்

அரசனுக்கு இடித்துரைக்கும் துணை வேண்டும் என்று வள்ளுவர் வற்புறுத்தியதை நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த அறிவுரை அரியணையில் இருப்பவர்க்கே உரியது என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற பருவத்தில் என் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த ஒரு தவறு, நிரல் எழுதும் மாணவருக்கும் அது முற்றும் பொருந்தும் என்பதை எனக்கு உணர்த்திற்று.

நம் மன்றத்தில் இலக்கியம் பயில்வோரும் உளர். அறிவியலும் பொறியியலும் பயில்வோரும் உளர். எத்துறையினராயினும் இன்று ஒரு சிறு நிரலாவது எழுத வேண்டிய நிலை வந்துவிட்டது. பொருளியல் மாணவர் புள்ளிவிவரம் தொகுக்க எழுதுகிறார். மொழியியல் மாணவர் சொற்களை எண்ண எழுதுகிறார். அவ்வாறு எழுதும் நிரலில், ஏற்கத் தகாத மதிப்பு ஒன்று வந்து சேர்ந்தால் அதை என் செய்வது? இவ்வினா சிறியதாகத் தோன்றும். ஆயினும் ஒருவருடைய ஆராய்ச்சியின் உண்மையும் பொய்யும் அதற்குத் தரும் விடையில் தங்கியிருக்கக் கூடும். ஆதலின் அதனை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

பொருளும் பண்பும்

முதலில் சொற்களை வரையறுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஆப்ஜெக்ட் எனப்படுவதைப் பொருள் என்றும், ப்ராப்பர்ட்டி எனப்படுவதைப் பண்பு என்றும் வழங்குகிறேன். பொருட்பெயரும் பண்புப்பெயரும் நம் இலக்கணத்தில் பழகியவையே. ஒரு வெப்பமானியை நிரலில் ஒரு பொருளாக அமைத்தால், அதன் வரிசை எண், அது காட்டும் மின்தடை, அதனின்று கணக்கிடப்படும் வெப்பநிலை ஆகியவை அதன் பண்புகளாம். ஒரே வகைப் பொருள்களுக்குப் பொதுவான அச்சினைக் கிளாஸ் என்பர். இம்முறைக்கு வழிகோலியவர்கள் நார்வே நாட்டு அறிஞர்களான ஓலே-யோகான் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகிய இருவர். அவர்கள் 1960களில் ஆக்கிய சிமுலா என்னும் மொழியிலிருந்து வழிவழியாக வந்ததே இன்றைய ஜாவா, பைத்தான் முதலிய மொழிகளில் நாம் காணும் இவ்வமைப்பு.

பண்பு ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. கெல்வின் அளவில் வெப்பநிலை சுழிக்குக் கீழே செல்லாது. மாதத்தின் எண் 1 முதல் 12 வரையே. நூற்றுக்கு என்று திருத்தப்படும் தேர்வில் மதிப்பெண் 100ஐத் தாண்டாது. இவ்வெல்லைகள் நமக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியா. பண்பை ஒரு திறந்த மாறியாக வைத்துவிட்டால், நிரலின் எப்பகுதியிலிருந்தும் எவரும் அதில் எதையும் இடலாம். வெப்பநிலையில் −40 கெல்வின் என்று இட்டாலும் அந்த இடத்தில் எந்தக் கூக்குரலும் எழாது. பல வரிகளுக்கு அப்பால், வேறொரு கணக்கில், ஒரு வர்க்கமூலம் எடுக்கும்போதுதான் நிரல் தடுமாறும். விதைத்த இடம் ஒன்று, முளைத்த இடம் ஒன்று என்றாகிவிட்டால் பிழையைத் தேடுவது எளிதன்று.

இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்னும் போர்க்கப்பல் கடலில் இயங்காது நின்றது. பணியாளர் ஒருவர் தரவுத்தளத்தின் ஒரு கட்டத்தில் சுழியை இட்டார். அச்சுழியால் ஓர் எண்ணை வகுக்க நிரல் முற்பட்டது. அதன் விளைவாகக் கப்பலின் கணிப்பொறி வலையமைப்புச் செயலிழந்து, உந்துவிசையும் நின்றது. அந்தக் கட்டத்தின் வாயிலிலேயே, இங்குச் சுழி ஆகாது என்று மறுக்கும் ஒரு வரி இருந்திருப்பின், பணியாளர் தம் தவறை உணர்ந்து அப்போதே திருத்தியிருப்பார்.

அத்தகைய வாயிலுக்குத்தான் செட்டர் என்று பெயர். அது பண்பில் மதிப்பை இடும் பொறுப்பை ஏற்ற ஒரு சிறு செயல்கூறு. ஜாவா மொழியில் அதைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பைத்தானிலும் சி ஷார்ப்பிலும் அழைப்பது வெளியில் தெரியாது. பைத்தான் 3 தமிழ் எழுத்துகளால் பெயரிடவும் இடந்தருகிறது. ஆதலின், வெப்பமானி.மின்தடை = 48 என்று எழுதினால் பார்ப்பவருக்கு ஒரு சமக்குறி மட்டுமே தெரியும்; ஆனால் அச்சமக்குறியின் பின்னே நாம் எழுதிய செட்டர் ஓடி, 48 தகுமா தகாதா என்று ஆராய்ந்து, தகுமாயின் ஏற்கும். இவ்வாறு ஆராய்வதையே சரிபார்ப்பு என்கிறோம்.

நான் செய்த தவறு

என் முதுகலைத் திட்டப்பணி, ஆய்வுக்கூடத்தில் நாங்களே சுட்டெடுத்த ஓர் ஆக்ஸைடு வில்லையின் மின்தடை குளிரக் குளிர எவ்வாறு மாறுகிறது என்று அளப்பதாகும். திரவ நைட்ரஜனால் வில்லையைக் குளிர்விப்போம். அதன் அருகே பிளாட்டினத்தாலான வெப்பமானி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். 0 பாகை செல்சியசில் 100 ஓம் மின்தடை உடைய அது, திரவ நைட்ரஜனின் 77 கெல்வினில் ஏறத்தாழ 20 ஓமாகக் குறையும். அதன் மின்தடையை அறிந்தால் வெப்பநிலையை அறியலாம். வில்லை, வெப்பமானி ஆகிய இரண்டின் மின்தடையையும் சில விநாடிக்கு ஒரு முறை படித்துப் பதியும் நிரலைப் பைத்தானில் நானே எழுதினேன். வெப்பமானியின் மின்தடை 10 ஓமுக்கும் 150 ஓமுக்கும் இடையே இல்லையெனில் மறுத்துவிடும்படி செட்டரையும் முறையாகவே அமைத்திருந்தேன்.

ஓர் இரவு அளவி, 99க்குப் பின் 36 சுழிகளை இட்டாற்போன்ற ஒரு பேரெண்ணை அனுப்பிற்று. அளவெல்லை கடந்துவிட்டது என்பதைத் தெரிவிக்கப் பல அளவிகள் கையாளும் குறி அது. செட்டர் அதனை மறுத்தது, நிரல் நின்றது. மீண்டும் ஓட்டினேன், மீண்டும் நின்றது. மணி பதினொன்று. குடுவையில் நைட்ரஜன் தீர்ந்துகொண்டிருந்தது. எனக்கு எரிச்சல் மிகுந்தது. செட்டரைத் திறந்து ஒரு வரியை மாற்றினேன். எல்லைக்கு அப்பாற்பட்ட மதிப்பு வந்தால் பழைய மதிப்பையே வைத்துக்கொள். எதுவும் சொல்லாதே என்பதுதான் அந்த மாற்றம். அதன்பின் நிரல் நிற்கவே இல்லை. நானும் நிம்மதியாக விடுதிக்குச் சென்று உறங்கினேன்.

மறுநாள் வரைபடத்தைப் பார்த்தபோது வியப்படைந்தேன். 143 கெல்வினுக்கு அருகே வில்லையின் மின்தடை செங்குத்தாக ஒரு படி இறங்கியிருந்தது. அடுத்த ஆறு வாரங்களில் எட்டு முறை அளந்தேன். எட்டு முறையும் அந்தப் படி ஏறத்தாழ அதே இடத்தில் வந்தது. மீண்டும் மீண்டும் வருவதுதானே அறிவியலில் உண்மைக்கு அடையாளம்? புதியதொரு நிலைமாற்றத்தைக் கண்டுவிட்டேன் என்றே நம்பினேன். துறைக் கருத்தரங்கிற்குக் கட்டுரைச் சுருக்கமும் எழுதி முடித்தேன். ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் வரைபடத்தை ஒருகணம் பார்த்துவிட்டு, எண்கள் அடங்கிய பதிவைக் கேட்டார். வெப்பநிலைப் பத்தியில் விரல் வைத்துக் கீழே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே 143.27 என்ற ஒரே எண் வரிக்கு வரி மாறாமல் ஒரு பக்கம் முழுவதும் நின்றது. குளிர்ந்துகொண்டிருக்கும் கலத்தில் வெப்பமானி எவ்வாறு இப்படி அசையாது இருக்கும் என்று அமைதியாகக் கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை.

நடந்தது இதுதான். வெப்பமானியின் சால்டர் இணைப்பு ஒன்று குளிரால் சுருங்கி, 143 கெல்வினுக்கு அருகே ஒவ்வொரு முறையும் விட்டுப்போயிற்று. கம்பி அறுந்ததை அளவி உண்மையாகவே தெரிவித்தது. என் செட்டர் அதனை மறைத்துப் பழைய வெப்பநிலையையே காட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் வில்லை மேலும் குளிர்ந்து, அதன் மின்தடை இயல்பாகக் குறைந்துவிட்டது. 120 கெல்வின் அளவில் இணைப்பு மீண்டும் பொருந்தியதும் பதிவு சீராகிவிட்டது. அந்தப் படியை உண்டாக்கியது வில்லை அன்று. நான் மாற்றிய ஒரு வரியே. ஆறு வாரத்து அளவுகளையும் ஒதுக்கினேன். கட்டுரைச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். அம்மாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

நான்கு வழிகள்

தகாத மதிப்பு வந்தால் செட்டர் செய்யத் தக்கவை நான்கு.

முதலாவது, ஒன்றும் சொல்லாமல் தானே திருத்திக்கொள்வது, அல்லது தள்ளிவிடுவது. நான் செய்தது இது. இதில் வழுக்கியவன் நான் மட்டுமல்லன் என்பது ஒரு சிறு ஆறுதல். உயிரியலில் செப்ட்2, மார்ச்1 என்ற சுருக்கப் பெயருடைய மரபணுக்கள் இருந்தன. அவற்றை எக்ஸெல் அட்டவணையில் இட்டால், அது செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக மாற்றிவிடும், மாற்றியதைச் சொல்லாது. எக்ஸெல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இவ்வகைப் பிழை இருந்ததாக 2016இல் ஓர் ஆய்வு காட்டிற்று. முடிவில் 2020இல் மரபணுப் பெயரிடும் குழுவினர் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றினர். அட்டவணை நிரலின் மௌனத்திற்காக அறிவியல் தன் பெயர்களை மாற்றிக்கொள்ள நேர்ந்தது! ஆயினும் எல்லாத் திருத்தமும் தீதன்று. பெயரின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்குவதால் பொருள் மாறுவதில்லை. பொருள் மாறாத திருத்தத்தைச் சொல்லாமல் செய்யலாம். பொருள் மாறுமாயின் சொல்லாமல் செய்தல் தகாது.

இரண்டாவது, ஏற்றேன் அல்லது ஏற்கவில்லை என்று ஒரு விடையைத் திருப்பி அனுப்புவது. சி மொழியில் எழுதுவோர் இதனைப் பெரிதும் கையாள்வர். இதில் பொய் இல்லை. ஆனால் அவ்விடையை அழைத்தவர் பார்க்க வேண்டும். பார்க்க மறந்தால் மறுப்பு வீணாகும். மேலும், சமக்குறியால் மதிப்பிடும் மொழிகளில் விடையைத் திருப்பி அனுப்பவே இடமில்லை.

மூன்றாவது, பிழையை எழுப்புவது. ஆங்கிலத்தில் எக்ஸெப்ஷன் என்பர். செட்டர் மதிப்பை ஏற்காமல், மேற்கொண்டு ஓடாமல், அழைத்தவரிடம் காரணத்தோடு திரும்புகிறது. அழைத்தவர் அதைக் கையேற்கலாம். கையேற்காவிடில் அது மேன்மேலும் சென்று இறுதியில் நிரலையே நிறுத்தும். மறந்தாலும் மறைந்துபோகாது என்பதே இதன் சிறப்பு. செட்டருக்குப் பொதுவாக இதுவே தக்கது.

நான்காவது, மதிப்பை இப்போதைக்கு வாங்கி வைத்து, இது தகாது என்று குறித்துக்கொண்டு, எல்லாக் குறைகளையும் ஒருங்கே சொல்வது. விண்ணப்பப் படிவங்களுக்கு இது ஏற்றது. பத்துக் கட்டங்களை நிரப்பியவரிடம் ஒவ்வொரு குறையாகச் சொல்லிப் பத்து முறை திருப்பி அனுப்புவது அவரை வருத்துவதாகும். படிவம் குறைகளைத் திரட்டிச் சொல்லட்டும். குறை நீங்கிய பின்னரே உண்மையான பொருள் உருவாகட்டும்.

மறுக்கும் முறை

பிழையை எழுப்புவது என்று முடிவு செய்தாலும், அதனை முறையாகச் செய்தல் வேண்டும். நான் பட்டறிந்தவற்றையும் பிறரிடம் கற்றவற்றையும் இங்குத் தருகிறேன்.

முதலில் ஆராய்க, பின்னர் இடுக. சிலர் மதிப்பை இட்டுவிட்டு ஆராய்வர். அப்போது பிழை எழுந்தாலும் தகாத மதிப்பு உள்ளே தங்கிவிடும். மறுப்புக்குப் பின் பொருள் பழைய நிலையிலேயே பழுதின்றி இருத்தல் வேண்டும்.

பிழையின் வகையைச் சரியாகச் சொல்க. பைத்தானில் எண் வேண்டிய இடத்தில் சொல் வந்தால் டைப்எரர். எண்ணே வந்து, அதன் அளவு தகாதாயின் வேல்யூஎரர். இவ்வேறுபாட்டைக் கொண்டே கையேற்பவர் என் செய்வது என்று முடிவு செய்வார்.

செய்தியில் மூன்று இருத்தல் வேண்டும்: எந்தப் பண்பு, வந்த மதிப்பு யாது, ஏற்கத்தக்கது யாது. ‘தவறான மதிப்பு’ என்று மட்டும் சொல்வது, தேர்வுத் தாளில் காரணம் காட்டாது சுழி இடுவதை ஒக்கும். ‘மின்தடை 10 முதல் 150 ஓம் வரை இருத்தல் வேண்டும், வந்தது 9.9இன் மேல் பத்தின் 37ஆம் அடுக்கு’ என்று சொல்லியிருந்தால், அளவியின் கையேட்டைப் புரட்டியவுடன் கம்பி அறுந்தது தெரிந்திருக்கும். என் பழைய செட்டர் வெறுமனே ‘பிழை’ என்று மட்டும் சொல்லிற்று. நான் எரிச்சலுற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தினர் இருவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒருவர், எண்ணல்லாதது எனப்படும் மதிப்பு. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிப்பது போன்ற பொருளற்ற கணக்கின் விடையாக இதனை 1985இல் வெளிவந்த ஐஇஇஇ 754 என்னும் தரம் வகுத்திருக்கிறது. எதனோடு ஒப்பிட்டாலும், இது சிறிதா என்றால் இல்லை. பெரிதா என்றால் இல்லை. தனக்குத் தானே சமமா என்றாலும் இல்லை என்றே விடை வரும். ஆகவே, சுழியைவிடச் சிறிதாயின் மறு என்று எழுதினால் இது தடையின்றி உள்ளே நுழைந்துவிடும். சுழிக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தாலன்றி ஏற்காதே என்று திருப்பி எழுத வேண்டும். தகாதவற்றை விலக்குவதைவிடத் தக்கவற்றை மட்டும் ஏற்பது பாதுகாப்பு. மற்றொருவர், பைத்தானின் உண்மை, பொய் என்னும் இரு மதிப்புகள். அம்மொழியில் அவை முழுவெண்களின் உள்வகையாதலின், எண் கேட்கும் வாயிலில் உண்மை என்பது 1 என்ற வேடத்தில் நுழையும்.

பொருளைப் படைக்கும் செயல்கூறும் செட்டரின் வழியாகவே மதிப்பை இடுதல் வேண்டும். அது உட்பெயரில் நேரே இட்டுவிட்டால், பின்னால் வருவோரைத் தடுக்கும் காவலன் முதலில் வந்தவனைப் பாராது விட்டாற்போலாகும். ஆனால் செட்டருக்கு உள்ளே மட்டும் உட்பெயரைத்தான் கையாள வேண்டும். பண்பின் பெயரையே அங்கு எழுதினால் செட்டர் தன்னையே முடிவின்றி அழைத்து, ஆயிரம் முறை அளவில் பைத்தானே அதனை நிறுத்தும். புதிதாகக் கற்போர் பலர் முதலில் செய்யும் தவறு இது.

இணைந்த பண்புகள்

ஒரு பண்பின் எல்லை மற்றொரு பண்பைச் சார்ந்திருக்கும் இடங்களும் உண்டு. ஓர் அளவீட்டின் தொடக்க வெப்பநிலை 10, முடிவு வெப்பநிலை 20 என்று வைத்துக்கொள்வோம். தொடக்கம் முடிவைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது விதி. இப்போது அவற்றை 30, 40 என்று மாற்ற விரும்புகிறோம். முதலில் தொடக்கத்தை 30 என்று இட்டால், முடிவு இன்னும் 20ஆகவே இருப்பதால் செட்டர் மறுத்துவிடும். நாம் விரும்பும் இறுதி நிலையோ முற்றும் சரியானது! வரிசையை மாற்றி முடிவை முதலில் இட்டால் இங்கு நடக்கும். கீழே இறங்கும்போது எதிர்வரிசை வேண்டும். பயன்படுத்துவோர் மீது இச்சுமையை ஏற்றுதல் தகாது. இரண்டையும் ஒருங்கே வாங்கி, ஒருங்கே ஆராய்ந்து, ஒருங்கே இடும் ஒரு செயல்கூறை அமைப்பதே முறை. அல்லது, படைத்தபின் மாற்றவொண்ணாத பொருளாக அமைத்து, வேண்டும்போது புதியதைப் படைக்கலாம்.

கையேற்பவர் யார்?

மறுக்கும் கடமை செட்டருடையது. அதன்பின் என் செய்வது என்று முடிவு செய்யும் கடமை அதனுடையது அன்று. பிழையைக் கையேற்பவர் அதைப் பற்றி ஏதேனும் செய்யக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையெனில் என்ன நேரும் என்பதற்கு ஏரியன் 5 ஏவுகலமே சான்று.

1996 ஜூன் 4ஆம் நாள் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து அது தன் முதற்பயணத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 40 விநாடியில் திசைமாறிச் சிதைந்தது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் அழிந்தன. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஓர் எண்ணை 64 பிட் தசம வடிவிலிருந்து 16 பிட் முழுவெண்ணாக மாற்றுகையில், அது 32,767 என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. ஏரியன் 4இன் பாதையில் தாண்டாத எண் அது. அதற்கென எழுதிய நிரலையே புதிய ஏவுகலத்திலும் வைத்திருந்தனர். எழுதப்பட்ட ஆடா மொழி தன் கடமையைச் செய்து பிழையை எழுப்பிற்று. ஆனால் கணிப்பொறியின் சுமையைக் குறைக்கக் கருதி, ஏழு மாறிகளுள் நான்கிற்கே பாதுகாப்பு அளித்திருந்தனர். இஃது எஞ்சிய மூன்றனுள் ஒன்று. கையேற்பார் இன்மையின் அக்கணிப்பொறி நின்றது. மாற்றாக வைத்திருந்ததும் அதே நிரலை உடையதாதலின் அதே காரணத்தால் சற்று முன்னரே நின்றிருந்தது. நின்றபோது அது அனுப்பிய பிழைக்குறிப்பை முதன்மைக் கணிப்பொறி பறப்புத் தரவு என்றே கொண்டுவிட்டது. இத்தனைக்கும் அந்தக் கணக்கு ஏவுகலம் எழுந்தபின் தேவையே இல்லாத ஒன்று.

என் நிகழ்ச்சிக்கு இதனைப் பொருத்திப் பார்க்கிறேன். அன்றிரவு செட்டர் மறுத்ததில் தவறில்லை. பதிவு செய்யும் பகுதி அம்மறுப்பைக் கையேற்று, அந்த வரியில் ‘வெப்பநிலை இல்லை’ என்று காரணத்தோடு எழுதிவிட்டு அடுத்த அளவிற்குச் சென்றிருக்க வேண்டும். தொடர்ந்து பத்து முறை மறுப்பு வந்தால் ஒலியெழுப்பி என்னை அழைத்திருக்க வேண்டும். நிரலும் நின்றிருக்காது, உண்மையும் மறைந்திருக்காது. நானோ கையேற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, இடித்துரைத்தவனின் வாயை அடைத்துவிட்டேன்.

விதியே தவறானால்?

இதுவரை மறுப்பின் பெருமையைப் பேசினேன். ஆனால் மறுக்கும் விதி தவறாயின் மறுப்பு அநீதியாகிவிடும். வெளிமாநிலத்தில் பயிலும் நமக்கு இது நன்கு தெரிந்ததே.

இங்கு வந்த புதிதில் ஓர் இணையப் படிவத்தை நிரப்பினேன். கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தையார் பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். அந்த ஓர் எழுத்தை இட்டேன். ‘செல்லாத பெயர்’ என்று படிவம் மறுத்தது. கட்டத்தை வெறுமையாக விட்டாலும் மறுத்தது. இறுதியில் தந்தையார் பெயரை முழுமையாக எழுதினேன். பின்னர்ச் சான்றிதழிலுள்ள பெயரும் படிவத்துப் பெயரும் ஒன்றல்ல என்று உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். இதே கதையைச் சொல்லாத தமிழ் மாணவர் நம் விடுதியில் மிகச் சிலரே. பெயர் என்னும் பண்பில் இரண்டு எழுத்தேனும் வேண்டும் என்று எங்கோ ஒருவர் எழுதிய ஒரு வரியின் விளைவு இது. அவர் தீயவர் அல்லர். தம்மைச் சுற்றியுள்ள பெயர்களை மட்டுமே அறிந்தவர்.

எழுத்திலும் இக்குறை உண்டு. பெயரில் எழுத்துகளே இருக்க வேண்டும் என்று சரிபார்க்கப் பைத்தானில் இஸ்ஆல்ஃபா என்றொரு செயல்கூறு உண்டு. அகர என்ற சொல்லைக் கொடுத்தால் அனைத்தும் எழுத்தே என்று ஒப்புக்கொள்ளும். தமிழ் என்ற சொல்லைக் கொடுத்தாலோ, இல்லை என்று சொல்லிவிடும்! யூனிக்கோடு முறையில் இகரக் குறியும் புள்ளியும் எழுத்துகள் என்னும் வகையில் சேராமல், சேர்குறிகள் என்ற தனி வகையில் வைக்கப்பட்டிருப்பதே காரணம். நீளத்தைக் கேட்டால் நாம் மூன்றெழுத்து என்னும் அச்சொல்லை 5 என்று எண்ணும். இதனை அறியாது எழுதிய சரிபார்ப்பு, பெரும்பாலான தமிழ்ப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது தள்ளிவிடும். இங்கே பிழை பெயரில் இல்லை, விதியில் இருக்கிறது.

ஆகவே விதி வகுக்கும்போது ஒன்றை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இது இயற்கையின் விதியா, அன்றி என் பழக்கத்தின் விதியா? கெல்வின் சுழிக்குக் கீழே செல்லாது என்பது இயற்கை விதி. அதில் தளர்ச்சி வேண்டா. பெயருக்கு இரண்டு பகுதி வேண்டும் என்பது பழக்கம். அதை வாயிலில் நிறுத்தி வைத்து ஒருவரைத் திருப்பி அனுப்புதல் தகாது.

முடிவுரை

சால்டர் இணைப்பைப் புதுப்பித்து மீண்டும் அளந்தேன். 143 கெல்வினில் படி இல்லை. வளைகோடு சீராக இறங்கிற்று. நூல்களில் உள்ளபடியே வந்த அந்த வரைபடத்தைத்தான் திட்ட அறிக்கையில் சேர்த்தேன். புதுமை எதுவும் இல்லையாயினும் அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் உண்மை. வெப்பமானி மறுமொழி தராத இடங்கள் வெற்றிடமாகவே விடப்பட்டுள்ளன.

இவ்வாண்டு நம் மன்றத்தின் உறுப்பினர் பதிவு நிரலை எழுதும் பொறுப்பை நண்பர்கள் என்னிடம் தந்திருக்கிறார்கள். அதில் பெயருக்கு ஒரே கட்டம்தான் உண்டு. வெறுமையாக இருத்தல் ஆகாது என்பதைத் தவிர வேறு விதி இல்லை. தமிழிலும் எழுதலாம். பிறந்த மாதம் 13 என்று எவரேனும் இட்டால் மட்டும் நிரல் மறுக்கும். ஏன் மறுத்தது என்றும் தெளிவாகச் சொல்லும். அது உங்களை இடித்துரைக்குமாயின் சினம் கொள்ளாது ஒருமுறை படித்துப் பாருங்கள். விதியே தவறு என்று தோன்றினால் என் அறைக்கு வந்து என்னை இடித்துரையுங்கள், திருத்திக்கொள்கிறேன்.